பாட்டியின் இருநூறு ரூபாய்

2016 நவம்பர் பணமதிப்பிழப்பு முதல் ரொக்கத்துக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகிறவர்கள் முகத்தில்தான் ஏகப்பட்ட குஷி. பிணமோ வளர்ந்துகொண்டே போகிறது. அன்று நாட்டில் புழங்கிய பணம் ஏறக்குறைய 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கும் மேல். செத்தவர் இரண்டு மடங்கு பெருத்துவிட்டார்.

பாட்டி போய்க் கேட்டால் மட்டும் அவரைக் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். பணம் ஏறிவிட்டதா என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப்போய் வேறு வங்கி ஏடிஎம்மில் பார்த்தாலே இலவச வாய்ப்பில் ஒன்று காலி. எடுக்கப் போனால், ஐந்நூறின் மடங்கில் மட்டும் கேள் என்கிறது திரை. ஆயிரம் வெளியே வரும், இருநூறு உள்ளே கிடக்கும். வெற்றிலை பாக்கும் மருந்தும் அந்த இருநூறில்தான் என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இலவசத் தடவைகள் தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. 2025 மே முதல் இதுதான் விலைப்பட்டியல். தன் பணத்தைத் தொட்டதற்குத் தண்டம்!

நூறு அல்லது இருநூறு ரூபாய் நோட்டையும் வையுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. செப்டம்பருக்குள் 75 சதவீத இயந்திரங்களில், 2026 மார்ச்சுக்குள் 90 சதவீதத்தில். ஏழைக்கு நூறு ரூபாய்த் தாள் கிடைக்க மைய வங்கி கெடு விதிக்க வேண்டியிருக்கிறது. வல்லரசு என்றால் சும்மாவா?

“ஜிபே வெச்சுக்கலாமே பாட்டி” என்பார் கவுன்ட்டர் தம்பி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் கரண்ட் போனது, சிக்னலும் போனது. வேளச்சேரித் தண்ணீரில் பால் பாக்கெட் கொண்டுவந்தவரிடம் எந்த ஸ்டிக்கரை ஸ்கேன் செய்வது? அன்றைக்குச் சுருக்குப்பைதான் வங்கி. ரொக்கத்தை ஒழிப்பதில் நமக்கெல்லாம் குருவான ஸ்வீடனே 2024-இல் வீடு வீடாகக் கையேடு அனுப்பி, ஒரு வாரச் செலவுக்காவது ரொக்கம் வைத்திருங்கள் என்றது. குரு திருந்திவிட்டார், சிஷ்யர்கள்தான் துள்ளுகிறார்கள்.

இங்கேயும் விதி இல்லாமலில்லை. மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் கிடக்கும் ஏடிஎம்முக்கு 10,000 ரூபாய் அபராதம், 2021 அக்டோபரிலிருந்து. காலியாக வைத்தால்தான் குற்றம். அடியோடு பெயர்த்துக்கொண்டு போனால் இந்த அபராதம் தொடவே தொடாது. கெட்டிக்கார வங்கி இதில் எதைச் செய்யும் என்று பாட்டியே சொல்லிவிடுவார். மூடுவதற்கு முன் மாற்று ஏற்பாட்டைக் காட்டு என்று பிரிட்டன் 2023-இல் போட்ட சட்டத்தின்கீழ் விதியே வந்துவிட்டது. இங்கே ஷட்டரை இறக்கி, ‘அருகிலுள்ள கிளையை அணுகவும்’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். போய்வர ஷேர் ஆட்டோவுக்கு யார் கொடுப்பது, உங்கள் தாத்தாவா?