வீடும் கடையும் சேரட்டும்

கேள்வி: வீடு, கடை, அலுவலகம் எல்லாம் ஒரே வளாகத்தில் அமைய, திண்டுக்கல்லில் நில வகைப்பாட்டை மாற்றித் தரலாமா?

பதில்: தாராளமாக! நம்மூர் நாகல்நகர் நெசவாளர் வீடுகளில் முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்படி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பூட்டும் வீட்டோடு ஒட்டிய பட்டறைகளில் வளர்ந்ததுதான். குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிலத்தைப் பிரிப்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். அதிலும் நியாயம் இருக்கிறது. தறிச் சத்தத்தில் தூங்கிவிடலாம்; தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியுமா? அந்தக் கஷ்டத்தை அனுபவித்த ஊர் இது. ஆகவே வீடும் கடையும் சேரட்டும். குளம், வாய்க்கால், நஞ்சையை வகை மாற்றக் கேட்டு யார் வந்தாலும் கதவைச் சாத்துங்கள். பூட்டுக்கா நம்மூரில் பஞ்சம்? மாங்காய்ப் பூட்டாகவே போடுங்கள்!