எட்டுப் போடத் தெரியாதவன்

எனக்கு எட்டுப் போட வராது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் நான் ஆரம்பித்த எட்டெல்லாம் மூன்றாகவே முடியும். கால் தன்னால் தரையில் ஊன்றிவிடும். எனக்கு அடுத்து வந்த தீப்பெட்டி ஆபீஸ் அக்கா ஸ்கூட்டியில் அநாயாசமாக வளைத்துப் போட்டுவிட்டு, "பதறாம ஓட்டுங்கண்ணே" என்று சொல்லிப் போனார். அத்தோடு லைசென்ஸ் ஆசை போயிற்று.

பிறகுதான் பேட்டரி சைக்கிள் கண்ணில் பட்டது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, திறன் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டாமல், சோதனைச் சான்றும் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். திருத்தங்கலில் வீடு, சிவகாசி காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. எனக்கென்றே எழுதிய விதி. வீட்டில் பெட்ரோல் மிச்சம், சுற்றுச்சூழல் என்றெல்லாம் பேசினேன். எட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். அந்த நெருக்கடியில் இரவு சார்ஜ் போட மறந்துபோகும். பாதி வழியில் பேட்டரி படுத்துவிட்டால், அந்தக் கனத்தை மிதிப்பதற்கு ஆட்டுரலை உருட்டிக்கொண்டே ஊர் போய்விடலாம். பட்டாசு ஆலைக்கு ஆளேற்றிப் போகும் வேனின் ஜன்னல் முழுக்க முகங்கள் என்னையே பார்க்கும். தூக்குச்சட்டியைத் தொங்கவிட்டுச் சாதா சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு, "என்ன தம்பி, கரண்ட் கட்டா?" என்றார்.

அந்த ரோஷத்தில் மெக்கானிக்கிடம் போனேன். ஒரு ஒயரைக் கழற்றிவிட்டான்; வண்டி முப்பத்தைந்தில் பறந்தது. ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு இதிலேயே டியூஷன் போனாள். அச்சகத்தில் டைரியின் முன்பக்கங்களில் போடும் அபராதப் பட்டியலை ஒரு நாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒற்றுப்பிழை தேடிய கண் ஒரு வரியில் நின்றுவிட்டது: சிறார் மோட்டார் வாகனம் ஓட்டினால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இருபத்தைந்தைத் தாண்டிய என் சைக்கிள் இப்போது மோட்டார் வாகனம்! அன்று மாலையே ஒயரை மாட்டச் சொன்னேன். திரும்ப மாட்டவும் கூலி கேட்டான்.

வேகம் குறைந்ததும்தான் சாலை தெரிந்தது. பேப்பர் லாரி உரசாத குறையாகப் போகும். ஒதுங்கினால் தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம், கீழே சரளை. இந்த ஓரத்தில்தான் விலையில்லா சைக்கிள் பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். சைக்கிள் கொடுத்த அரசு பாதை கொடுக்கவில்லை.

சைக்கிளுக்கும் பாதசாரிக்கும் மாநிலங்கள் விதி வகுக்கலாம் என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலேயே 138(1ஏ) பிரிவு வந்துவிட்டது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், ஆறு மாதத்துக்குள் அந்த விதிகளை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 7-ல் உத்தரவிட்டது. விதிக்கு டிமிக்கி கொடுக்க வண்டி வாங்கிய நான்தான், விதி கேட்டுக் கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை, புரூஃப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

லாரிக்கார அண்ணன்மார்களே, அதுவரை கொஞ்சம் தள்ளியே போங்கள். ஓரத்தில் ஹெல்மெட்டோடு மணியடித்துக்கொண்டு வருவது நான்தான்.