மிஷினுக்கு மரம் ஏறத் தெரியுமா மக்ளே?

மக்ளே, நீ காட்டின படத்தை நானும் பாத்தேன். நான் மட்டுமா? நெய்யாற்றின்கரையில இருந்து பாறசாலை, களியக்காவிளை வரைக்கும் எத்தனை மரம்வெட்டுக்காரன் உண்டோ, அத்தனை பேர் போனிலயும் இப்போ அதுதான் ஓடுது. பின்லாந்துக்காரன் ஒருத்தன் கண்ணாடிக் கூட்டுக்குள்ள சொகமா இருக்கான். ரெண்டு கையிலயும் ரெண்டு பிடி. அவன் லேசா அசைக்கான், வெளிய ஒரு இரும்புக் கை நீண்டு போய் மரத்தை மூட்டில கவ்வுது. அறுக்குது. சாய்க்குது. சாஞ்ச மரத்தை அப்படியே உருவுது, கொம்பும் சில்லையும் தெறிச்சுப் போவுது. பொறவு நீளம் பாத்து, கனம் பாத்து, துண்டு போட்டு அடுக்குது. நீ தீப்பெட்டியைத் தேடி பீடி பத்த வைக்கதுக்குள்ள ஒரு மரம் தடியாயாச்சு.

கொள்ளாம். நல்ல மிஷின். நான் குத்தம் சொல்லமாட்டேன்.

டீக்கடையில நம்ம பயலுவ சொன்னதைக் கேட்டியா? ஒருத்தன் சொன்னான், "இதுக்குக் காலம்பற பழஞ்சியும் மரிச்சீனியும் வேண்டாம், அதுவே பெரிய லாபம்." இன்னொருத்தன், "டீசல் யாரு ஊத்துவா?" மூணாமத்தவன் மேல ஏறுகவன், அவன் கேட்டான், "இது மரம் ஏறுமா?" மூத்த வெட்டுக்காரன் மட்டும் வாயே தொறக்கல்ல. படம் முடிஞ்ச பொறவு மெள்ளக் கேட்டான், "இதில எங்கயாவது கக்கூஸ் குழி தெரியுதாடே?"

நீ சிரிச்ச. சிரி, சிரி. தொழில் முழுசும் அந்தக் கேள்வியிலதான் கிடக்கு.

பின்லாந்துல வெட்டுகது பைனும் ஸ்ப்ரூஸும். எல்லாம் நேரா நிக்கும். சுத்திப் பாத்தா வீடு இல்ல, கிணறு இல்ல, கரண்டுக் கம்பி இல்ல, மதிலுக்கு மேல தலையை நீட்டுக பக்கத்து வீட்டுக்காரி இல்ல. மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கேக்க ஆளில்ல. இங்கன? பத்து சென்டு பூமி. அதில ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு அயனி, ரெண்டு பிலா, நாலு தென்னை. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தனோட அடுக்களை ஓடு. அந்த மிஷினோ எடை 20 டன்னைத் தொடும், அகலம் 3 மீட்டர் வரும். நம்ம இடவழியில ரெண்டு ஸ்கூட்டர் எதிரும் புதிரும் வந்தா ஒருத்தன் ஓடையில இறங்கணும். 20 டன்னை எதுவழியா கொண்டு வருவ? கொண்டு வந்தாலும் அது முதல்ல இறங்குகது எங்கயின்னு நெனைக்க? மூத்தவன் கேட்ட குழியிலதான்.

நம்ம ஆளு மரம் முறிக்கதை நீ பாத்திருக்கியா? கொம்பு விழும்போ ரீல்ஸ் எடுத்திருப்ப. அதுக்கு முன்ன நடந்ததைப் பாத்திருக்கமாட்ட. வந்ததும் அவன் வாளை எடுக்கமாட்டான். சும்மா மரத்தைச் சுத்தி நடப்பான். அண்ணாந்து பாப்பான். பாரம் எந்தப் பக்கம் தொங்குதுன்னு அவன் கணக்குப் பண்ணும்போ, நீ "ஆளு சும்மா நின்னு கூலியை ஏத்துகான்"னு நெனைச்சிருப்ப. பொறவு கோடாலியைத் திருப்பிப் பிடிச்சு மூட்டில ரெண்டு தட்டு. சத்தம் கெட்டியா வந்தா சமாதானம். பொள்ளலா வந்தா உள்ள பொந்து. பொந்துள்ள மரம் சொன்ன பேச்சு கேக்காது, நெனைச்ச பக்கம் விழாது.

பொந்துன்னதும் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளப்பில நிக்குத அம்மச்சிப் பிலாவு ஞாபகம் வருது. மார்த்தாண்ட வர்மா 1729-ல பட்டம் ஏறுகதுக்கு முன்ன, எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்க ஆளுவ துரத்தி வந்தப்போ, அந்தப் பிலாப் பொந்துக்குள்ள ஒளிஞ்சுதான் தப்பினாருன்னு கதை. பட்டுப் போன மூட்டை இன்னும் பத்திரமா வச்சிருக்காவ. உன் மிஷின் அப்போ இருந்திருந்தா என்ன செய்யும்? "மூடு பொள்ளல், விலைக்கு ஆவாது"ன்னு துண்டு போட்டு ஒதுக்கித் தள்ளியிருக்கும். திருவிதாங்கூருக்க கதி என்ன ஆயிருக்கும், சொல்லு பாப்போம்?

சரி, வெட்டுக்கு வா. ஒருத்தன் வடத்தோட மேல ஏறுவான். கொம்பு ஒவ்வொண்ணையும் கெட்டி அவன் அறுக்க, கீழ உள்ளவன் வடத்தை விட்டு விட்டு ஓட்டு மேல படாம இறக்குவான். மொட்டையான பொறவு உச்சியில வடம் கெட்டி, விழ வேண்டிய பக்கம் ஆளுவ பிடிப்பாவ, வடம் நீளமா இருக்கும், ஆளு மரத்துக்கு எட்டாத தூரத்தில நிப்பாவ. மூட்டில அந்தப் பக்கம் முதல்ல வாய் தொறந்தது போல ஒரு வெட்டு. பொறவு பின்பக்கம், அதுக்குக் கொஞ்சம் மேல, மறுவெட்டு. ரெண்டும் கூடிரப்பிடாது. நடுவில கொஞ்சம் மரத்தை அறுக்காம விடுவான். அந்த மிச்சந்தான் மரம் திரும்பாம கொண்டு போய்க் கிடத்தும். அதையும் சேத்து அறுத்துப்போட்ட அவசரக்காரன் அடுக்களை ஓட்டுக்குக் காசு கொடுப்பான்.

புதுசு வரும்போ வாயைப் பொளக்கது நமக்குப் பழக்கந்தான். எங்க காலத்தில ரெண்டாள் இழுக்க வாள். ஒருத்தன் இழுக்க, மத்தவன் விட, பேச்சும் சண்டையும் அதிலேயே நடக்கும். பொறவு மிஷின்வாள் வந்தது. ஜெர்மனியில ஸ்டில்னு ஒருத்தர் 1926-ல செய்த முதல் வாள் 48 கிலோ, அதையும் ரெண்டாள்தான் தூக்கணும். ஒத்தை ஆளு பிடிக்க பெட்ரோல் வாள் அவரு கம்பெனியில 1950-லதான் வந்தது. நம்ம ஊருக்கு வந்தப்போ கிழடுக என்ன சொல்லிச்சு தெரியுமா? "வாள் நல்லாத்தான் அறுக்கு, ஆனா மரம் பேசுகது கேக்கல்ல." உண்மை. சாயதுக்கு முன்ன மரம் உள்ளுக்குள்ள மொறுக்குன்னு ஒரு ஒச்சை விடும். அதைக் கேட்டு ஓடின காலு பொழச்ச காலு. அதனால புத்தியுள்ளவன் இப்பவும் கடைசி அறுப்புக்கு முன்ன வேகத்தைக் குறைச்சுக் காதைக் கொடுப்பான். ஹெல்மெட்டும் ஹெட்போனும் மாட்டிப் பாட்டு கேட்டுக்கிட்டு அறுக்க பயலுக்கு இதை யாரு சொல்லுவா?

ஆனையும் அப்படித்தான் போச்சு. வடத்தை வாயில கடிச்சு மேட்டில இருந்து தடியை இழுத்துக்கிட்டு வரும். தடி உருளும்னு தோணினா வடத்தை விட்டுட்டு நிக்கும், பாப்பான் கத்தினாலும் அசையாது. கிரேனுக்கு அந்தப் புத்தி உண்டா? கிரேன் வந்தப்போ இன்னொண்ணும் சேந்து வந்தது. கிரேன் தூக்கும், சங்கத்துக்காரன் நோக்கி நிப்பான், நோக்கினதுக்குக் கூலி வாங்குவான். நோக்குகூலி கூடாதுன்னு கேரள சர்க்கார் 2018 மே 1-ல இருந்து தடை போட்டாச்சு. தொழிலாளர் தினத்திலேயே போட்டாவ பாரு, அதுதான் ரசம். பின்லாந்துக்காரனுக்கு இந்தக் கஷ்டமில்ல. அந்தக் காட்டில நோக்கி நிக்க ஆளே கிடையாதே!

ஏதோ 'சொல்யூஷன்ஸ்'னு கார்டு அடிச்சுக்கிட்டு ஒரு பய லோன் போட்டு அந்த மிஷினை எறக்கப் போறேன்னு திரியுதானாம். விலை கோடிக் கணக்கில. ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்பாவ. மிஷின் ஷெட்டில கிடந்தாலும் பாங்க் தவணை தின்னும். மாசத்துக்கு எத்தனை அயனி கிடைக்கும் அவனுக்கு?

நியாயத்தையும் சொல்லணுமில்லியா? ரப்பர் தோட்டத்துக்கு வேற கணக்கு. 25, 30 வருசம் பால் எடுத்த பொறவு மொத்தமா முறிச்சு மறுநடவு செய்யணும். ரப்பர் தடியை ரெம்ப நாள் போடவும் முடியாது, நீலம் பாயும், வண்டு துளைக்கும், சீக்கிரம் மில்லுக்குப் போயி மருந்து ஏறணும். அங்க வேகம் வேணும். இப்பவே ஹிட்டாச்சி வந்து வேரோட தள்ளிப் போட, பின்னால வாள்காரன் துண்டு போடுகான். களியல், கீரிப்பாறை பக்கம் 1984-ல தொடங்கின அரசு ரப்பர் கழகத்துக்க பூமி கிடக்கு, பெரிய தோட்டம். அதைப்போல உள்ள இடத்தில வேணும்னா ஓட்டிப் பாக்கட்டும், மலைச்சரிவு விட்டா. வேகந்தான் பெருசுன்னா, 2017 நவம்பர் 30-ல ஓகி வந்துதே, கன்னியாகுமரி ஜில்லாவில எத்தனை ரப்பரைச் சாய்ச்சுது! அதைவிட வேகமா மரம் முறிக்க மிஷினை எந்தக் கம்பெனிக்காரனும் இன்னும் செய்யல்ல. ரோட்டில கிடந்ததை நீக்க நம்ம வாள்காரன்தான் போனான்.

இனி, படத்தில நீ கவனிக்காத ஒரு காரியம் உண்டு. தடியை உருவும்போதே நீளமும் கனமும் அளந்து, கன அளவு எவ்வளவுன்னு உள்ள கம்ப்யூட்டர் எழுதிருது. நீ மிஷின் வந்தா வெட்டுக்காரன் பிழைப்பு போவுமேன்னு சங்கடப்பட்ட. நான் தடி வியாபாரியை நெனைச்சேன்.

நம்மூரு அளவு தெரியுமில்லியா? தடிக்க நடுச்சுத்து 4 அடி, நீளம் 10 அடின்னு வையி. சுத்தில காலு பாகம் 1 அடி. அதை அதாலேயே பெருக்கி நீளத்தால பெருக்கு. 10 கன அடி. வியாபாரி பத்துக்குக் காசு எண்ணுவான். உருண்டைத் தடியில நெசமா உள்ளது எவ்வளவு? 12.7 கன அடி. இங்கிலீஷ்காரன் ஹாப்பஸ்னு ஒருத்தர் 1736-ல அட்டவணை போட்டு வச்ச கணக்கு இது. சதுரமா அறுக்கும்போ ஓரம் கழிவு போவுமே, அதுக்காம். நல்லது. அந்த ஓரப் பலகை மில்லில இருந்து எங்க போவுது? விறகுக்கு. சும்மாவா கொடுக்கான்? போதாததுக்குத் தோலுக்குன்னு வேற சுத்தில ஒரு பிடி குறைப்பான். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனான், அவன் கணக்கை விட்டுட்டுப் போனானே, நம்ம வியாபாரி அண்ணாச்சி அதை எப்படிப் பத்திரமா வச்சிருக்கான் பாத்தியா?

அடுத்த வாரம் உங்க விளையில அந்த அயனிக்கு விலை பேச வாறானாம். "அண்ணாச்சி, மிஷின் அளந்தா 12.7 வருமாமே?"ன்னு வெகுளியாக் கேளு. "கம்ப்யூட்டர் அளவெல்லாம் நம்ம நாட்டுத் தடிக்குச் சரிப்படாது தம்பி"ம்பான். தலையை ஆட்டிக்கோ, தர்க்கம் பண்ணாத. டேப்பை மட்டும் முழுசா அவன் கையில விட்டுராத, ஒரு நுனியை நீ பிடி.