ஏழு பட்டை உருளைக்கிழங்கு

பிளஸ் டூ முடித்த பையன் இன்ஜினீயரிங் சேர்ந்தால் உறவுக்காரர்கள் "எந்தக் காலேஜ்?" என்று கேட்பார்கள். கேட்டரிங் சேர்ந்தால் "ஏன்?" என்று கேட்பார்கள். மதுரையில், முக்குக்கு முக்கு பரோட்டாக் கல் காயும் ஊரில், பணம் கட்டிச் சமையல் படிக்க என்ன இருக்கிறது என்று பெரியப்பா கேட்டார். "பரோட்டாக் கடையில சேத்துவிட்டா அவங்க இவனுக்குச் சம்பளம் குடுப்பாங்க. இங்க நாம ஃபீஸ் கட்டணுமாம்" என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. சித்தி மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தார். தன் மகள் வளைகாப்புக்கு நான் ஆளுக்கு எவ்வளவு வாங்குவேன், பாத்திரம் நம்முடையதா அவர்களுடையதா என்று விசாரித்துவிட்டுப் போனார். நான் அப்போது அப்ளிகேஷன்தான் வாங்கியிருந்தேன்.

சேர்ந்த மறுநாளே கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கேட்டரிங் காலேஜில் சமையல் நான்கில் ஒரு பங்குதான். மற்ற மூன்றும் பரிமாறுவது, ஃபிரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங். மெத்தை விரிப்பின் மூலையை உறைபோல் மடித்துச் செருகவும், கை துடைக்கும் துணியைத் தாமரையாக மடிக்கவும் நான் கற்றுக்கொண்ட பிறகுதான் அடுப்பின் பக்கம் போக விட்டார்கள். அதற்கும் முன்னால் நகம், முடி, தாடி என்று ஒரு சோதனை. சபரிமலைக்கு மாலை போட்ட நண்பன் தாடிக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதம், அது எழுதப்பட்ட பணிவுக்காகவே, ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் வாங்கிப் படித்ததாகக் கேள்வி.

வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பக்கம் இரண்டு மடிப்பு, இரண்டு வரிசைப் பொத்தான். துணி இரட்டையாக இருப்பதால் சூடு தாக்காது. மேல் மடிப்பில் கறை பட்டால் உள்மடிப்பை வெளியே மாற்றிப் போட்டுக்கொண்டு விருந்தாளி முன்னால் போய் நிற்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் இதைக் கண்டுபிடித்தவர்கள் மஞ்சள் போட்டுச் சமைத்ததில்லை என்பது முதல் வாரத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும் விந்தையை அம்மா துவைக்கும் கல்லில் வைத்து எனக்குக் காட்டினார். பிறகு சோப்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் பருவம் முழுக்க வெட்டுதான். கேரட்டைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கினால் ஜூலியன். அதையே 3 மில்லிமீட்டர் கனசதுரமாக நறுக்கினால் ப்ருன்வாஸ். செஃப் சட்டைப் பையில் ஸ்கேல் வைத்திருப்பார், விளையாட்டுக்கு அல்ல. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும் என்பதால் அளந்துதான் மதிப்பெண். இதில் உச்சம், உருளைக்கிழங்கைச் சின்னக் கத்தியால் சீவிச் சீவி, இரண்டு முனையும் ஒடுங்கிய பீப்பாய் வடிவத்துக்குக் கொண்டுவருவது. டூர்னே என்று பெயர். நீளம் சுமார் 5 சென்டிமீட்டர், பக்கங்கள் ஏழு. ஆறும் இல்லை, எட்டும் இல்லை. வாணலியில் உருண்டு ஒரே சீராக வேகும் என்று காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்துக்கு ஆறே போதும் என்பது என் தாழ்மையான கருத்து. ஆனால் மதிப்பெண் ஏழுக்குத்தான்.

வீட்டில் பழகினேன். ஈபியில் கணக்குப் பிரிவில் இருந்த அப்பா, மாலை ஆறு மணிக்கு வந்து தட்டில் வரிசையாகக் கிடந்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து, பட்டைகளை விரலால் எண்ணினார். பக்கத்தில் மலையாகக் குவிந்திருந்த சீவலையும் பார்த்தார்.

"ஒரு கிலோ வாங்குனதுல முக்கால் கிலோ இந்தப் பக்கம் கெடக்கு. எட்டாவது பக்கம் என்னடா தப்பு செஞ்சுச்சு?"

அம்மா பேசவில்லை. சீவலை அள்ளிக் கழுவி, வேகவைத்து, கடுகு உளுந்து தாளித்துப் பொடிமாஸ் செய்துவிட்டார். அன்று இரவு பொடிமாஸ் தீர்ந்தது. ஏழு பட்டை அப்படியே இருந்தது.

அடுத்த முயற்சி அப்பத்தாவிடம். அப்பத்தா தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி அருவாமனைப் பலகையை அமுக்கிக்கொண்டு பீன்ஸ் நறுக்குவார். எங்கள் கத்தியில் காய் நிற்கும், கத்தி நகரும். அருவாமனையில் கத்தி நிற்கும், காய் நகரும். விரல் நுனியை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம்; அப்பத்தாவின் விரல்கள் இரும்புக்கு நெல்மணி இடைவெளியில், தன் பாட்டுக்கு, டிவியைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தன. நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். பாதி 3 மில்லிமீட்டர். பாதி ஒரு சென்டிமீட்டர்.

"அப்பத்தா, இது ஒரே சீரா இல்ல. ஒண்ணு வெந்து ஒண்ணு வேகாது."

"வேகாதுதான். பொடிசு எனக்கு. பெருசு உங்கப்பனுக்கு, அவனுக்குக் கடிச்சாத்தான் திருப்தி."

வாடிக்கையாளர் விருப்பத்தை அறிந்து பரிமாறுவது இரண்டாம் பருவப் பாடம். அது அப்போது எனக்கு வரவில்லை.

காலேஜில் எந்தப் பொருளும் இன்டென்ட் எழுதிக் கொடுத்தால்தான் ஸ்டோரிலிருந்து வரும். எல்லாம் கிலோவில், மூன்று தசமத்தில். அதே பழக்கத்தில் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போனேன்: மிளகு 0.005, பிரிஞ்சி இலை 0.001, செலரி 0.050. அண்ணாச்சி சீட்டைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

"தம்பி, இது எந்த டாக்டர் எழுதுனது?"

செலரி என்றால் என்ன என்று விளக்கினேன். பச்சையாக, தண்டாக, வாசனையாக இருக்கும் என்றேன். அவர் ஒரு கட்டுக் கொத்தமல்லியைத் தூக்கிக் காட்டினார். பிரெஞ்சு சமையலில் எந்தச் சாற்றுக்கும் அடிப்படை வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு, செலரி ஒரு பங்கு. அந்தக் கடைசிப் பங்கைத் தேடி நான் நகரத்துக் குளிர்பதனக் கடை ஒன்று வரை பஸ் ஏற வேண்டியிருந்தது. அங்கே ஒரு கட்டு செலரியின் விலையைக் கேட்டதும், எங்கள் அம்மா ஏன் சீரகத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பது விளங்கியது.

இத்தனையும் கான்சொமேக்காக. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அதன் கொடுமை புரியும். கோழி எலும்பை மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறு தீயில் வைத்துச் சாறு இறக்க வேண்டும். அதை ஆறவிட்டு, கொத்திய கோழிக்கறியும் காயும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். சூடு ஏற ஏற வெள்ளைக்கரு கட்டிப்பட்டு, கலங்கலையெல்லாம் பிடித்துக்கொண்டு, ஒரு தெப்பம்போல மேலே எழும்பும். எழும்பிய பிறகு கிளறக் கூடாது, கொதிக்க விடக் கூடாது. தெப்பத்தில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் மெல்லிய துணியில் வடிகட்டினால் தெளிந்த, பொன்னிறமான சூப் கிடைக்கும். பாத்திரத்தின் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டால் அதில் அச்சிட்ட வருஷத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவு வேண்டும் என்று தொழிலில் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அது. வீட்டில் மெல்லிய துணி என்று தேடியதில் அப்பாவின் வேட்டிதான் கிடைத்தது, பழையது, துவைத்தது. 14.2 கிலோ சிலிண்டர் பாதிக்கு வந்திருக்கும் என்று அம்மா அரை மணிக்கு ஒருமுறை அதைத் தட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்புக்காக வீடே காத்திருந்தது.

கான்சொமே அருமையாக வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டேன், வருஷம் தெரிந்தது. "சாப்பாட்டுல காசையா போடுற?" என்று அப்பத்தா அலறியதில் பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்தார். அப்பா ஒரு வாய் குடித்தார். கிண்ணத்துக்குள் உற்றுப் பார்த்தார்.

"கோழி எங்கடா?"

"இதுதாம்பா கோழி. சாரம் பூரா இறங்கியிருக்கு."

"ஒரு முழுக் கோழியக் காணாமப் பண்ணிட்டுச் சுடுதண்ணியக் குடுக்கிறான்," என்று அம்மாவிடம் புகார் போனது. எஸ்காஃபியே என்றொரு மேதை 1903-லேயே புத்தகத்தில் எழுதி வைத்த முறை இது என்றேன்.

"அவரு இப்ப இருக்காரா?"

"இல்லப்பா. 1935-ல இறந்துட்டாரு."

"அப்ப அவரு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரப்போறதில்ல. நாங்க இருக்கோம். குழம்பு வைக்கச் சொல்லு."

தெப்பத்தில் மிஞ்சிய கொத்துக்கறியில் அம்மா மிளகுத்தூள் போட்டுப் பிரட்டினார். அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. ஏழு பட்டைக்கு நேர்ந்ததேதான். என் சமையலில் வீட்டுக்குப் பிடித்தது எப்போதும் மிச்சம்தான்.

கேட்டரிங் மாணவர்கள் எல்லோர் கையிலும் இருக்கும் தங்கம் பிலிப்பின் 'மாடர்ன் குக்கரி' எங்கள் வீட்டுக்கும் வந்தது. கேரளத்தில் பிறந்து, மும்பையில் கேட்டரிங் கல்லூரி நடத்தி, பத்மஸ்ரீ வாங்கியவர் அவர். வெளிநாட்டுச் சமையலோடு நம் நாட்டுச் சமையலும் அதில் பக்கம் பக்கமாக உண்டு. அம்மா அந்தப் பகுதியை மட்டும் பென்சிலோடு படித்தார். கல்யாணத்துக்குச் சீராக வந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-லேயே வந்துவிட்டதாம். மூத்தவர் சொல்வதுதான் எடுபடும் என்று சீனியாரிட்டி பார்த்தார். சில பக்கங்களில் 'பெருங்காயம்?' என்று கேள்விக்குறி இருக்கிறது. தேர்வுக்கு அந்தப் பிரதியைத்தான் படித்தேன்.

உணவுச் சுகாதாரப் பாடம் வந்ததும் வீட்டில் எனக்கு இருந்த மரியாதையும் போயிற்று. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் பெருகும். சமைத்த சோற்றை வெளியே வைக்கக் கூடாது. இதை நான் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கியது, பழைய சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பத்தாவிடம். மதுரை வெயிலில் இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்த சோறு. புளித்த நீரின் அமிலம் கெட்ட கிருமிகளை அவ்வளவாக வளர விடாது என்பது பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டது. அன்று அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "எத்தனை வருஷமாக் கூடாது?" எண்பதைத் தாண்டியவரிடம் அந்த வருஷக் கணக்கைப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாம் வருஷம் குவான்டிட்டி கிச்சன். நூறு பேருக்குச் சாப்பாடு, பத்து கிலோ அரிசி. அங்கேதான் நான் உருப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். ஏழு பட்டையை யாரும் கேட்கவில்லை. வெங்காயம் மூட்டையாக வந்தது. பதினொன்றரைக்குள் தீர வேண்டும். கத்தியை நன்றாகத் தீட்டினால் கண்ணீர் குறையும், நசுங்காத வெங்காயம் அவ்வளவாகக் காரம் விடாது என்பது அங்கே கையில் ஏறியது. வேலை செய்யச் செய்யவே மேடையைத் துடைப்பது, பாத்திரத்தைச் சேரவிடாமல் கழுவி வைப்பது, நாளைக்கு வேண்டியதை இன்றே அளந்து மூடி வைப்பது எல்லாம் பழகியது. இவற்றில் எதற்கும் பிரெஞ்சுப் பெயர் சொல்லாமல் வீட்டில் செய்து காட்டினேன். மூன்று வருஷப் படிப்பில் அம்மா மனமாரப் பாராட்டியது, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைத்தான்.

ஆகவே, வீட்டில் கேட்டரிங் மாணவனோ மாணவியோ வைத்திருக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள். முதல் வருஷம் அடுப்பைக் கொடுக்காதீர்கள். வெங்காயத்தைக் கொடுங்கள், கிலோக் கணக்கில் கொடுங்கள். வேட்டிகளை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். எவ்வளவு காபந்து செய்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பொன்னிறத்தில் சுடுதண்ணீர் போல ஏதோ ஒன்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினால், மறுபேச்சுப் பேசாமல் குடித்துவிடுங்கள். அதில் ஒரு முழுக் கோழி இருக்கிறது.