பாவு ஏத்தின அன்னிக்கே மூணு பொடவை

வா தம்பி, உக்காரு. கால்ல பாவு நூல் மாட்டிக்கப் போவுது, பாத்து. நேத்து பேப்பர்ல நீ எழுதினதை செவிலிமேட்டு டீக்கடையில சத்தமாவே படிச்சாங்க. 'காவலருக்கு மாதச் சம்பளம் ரூ.67,100'. கேட்ட உடனே பேரனைக் கூப்பிட்டு, "தறியைப் பாலாத்துல தள்ளிட்டு ஓட்டம் பழகுடா"ன்னுட்டேன். பக்கத்துல டீ குடிச்சிட்டிருந்த ஏட்டு ஒருத்தருக்குப் புரையேறிடுச்சி.

காவலர் வேலைக்கான தேர்வு வாரிய அறிவிப்புல 18,200 – 67,100 னு போட்டிருந்தாங்க. நடுவுல ஒரு சின்னக் கோடு இருக்குதே, அதை நடந்து கடக்கணும்பா. வருஷத்துக்கு மூணு சதவீதம் ஏறும். பதவி உயர்வே வராம அதே படியில நின்னா, அந்த முனையைத் தொட 40 வருஷத்துக்கு மேல ஆவும். 60 வயசுல மாலை போட்டு அனுப்பிடுவாங்க. ஒரு பாவுல மூணு பொடவை நெய்யறோம். பாவு ஏத்தின அன்னிக்கே மூணுத்துக்கும் கூலி வாங்கிட்டேன்னு எழுதுவியா? எழுதினாலும் எழுதுவ.

இன்னொரு பேப்பர்க்காரர் '18,200 தான்'னு அழுதிருந்தார். அது அடிப்படைச் சம்பளம். அகவிலைப்படி, வீட்டுவாடகைப்படி மேல சேரும். 2003 ஏப்ரல்லேர்ந்து சேந்தவருக்கு ஓய்வூதியப் பிடித்தம் 10 சதவீதம் போவும். ஒரே பொடவையை நீ முந்தானையிலேர்ந்து பாத்த, அவர் மறுமுனையிலேர்ந்து. யாரும் பிரிச்சிப் பாக்கல.

ஓவர்டைம்னு வேற எழுதியிருக்கியே ராசா. 1948 தொழிற்சாலைச் சட்டம் மிகுதி நேரத்துக்கு ரெட்டைக் கூலின்னு வெச்சிது. போலீஸ்காரர் ஆலைத் தொழிலாளி இல்ல. வெள்ளைக்காரன் போட்ட போலீஸ் சட்டம், எந்நேரமும் அவர் பணியிலதான்னு சொல்லுது. எந்நேரமும் வேலைன்னா மிகுதி நேரம் எங்கேர்ந்து வரும்? இங்க மிகைநேர ஊதியம்னு இருக்கறது, வார ஓய்வு நாள்லயும் வேலைக்கு வந்தவருக்கு. அதைப் பத்தி 2021 ஜூலையில அப்போ டி.ஜி.பி.யா இருந்த சைலேந்திர பாபு சுற்றறிக்கை விட்டார். நவம்பர்ல தலைமைக் காவலர் வரைக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வுன்னு அரசாணை வந்தது. அமெரிக்காவுல மணிக்கணக்கு எழுதி ஒன்றரை மடங்கு வாங்கறாங்களாம். அந்தக் கரையை இந்தப் பொடவை உடம்புல கோத்தா கோர்வை பிரிஞ்சிடும்பா.

மணிக்கணக்குன்னதும் ஞாபகம் வருது. 2019-ல இங்க அத்திவரதர் வைபவம் 48 நாள் நடந்துச்சி. எத்தினி லட்சம் தலைன்னு தெனம் போட்டீங்க. பந்தோபஸ்துக்கு நின்னவர் எத்தினி மணி நேரம் நின்னார்னு நான் படிச்ச பேப்பர்ல இல்ல. தலையை எண்ணறது சுளுவு, காலை எண்ணறதுதான் கஷ்டம்.

வைகாசி கருட சேவைக்கு விடியக்காலம் வருவ இல்ல? கோபுரத்தைப் படம் புடிச்சிட்டு, கயித்தைப் புடிச்சி நிக்கற போலீஸ்காரர்கிட்ட ரெண்டே கேள்வி கேளு. எப்ப வந்தீங்க, எப்ப போவீங்க? அவர் இன்னிக்கு என்ன கிழமைங்கறதையே மாத்திச் சொன்னார்னா, அதை மட்டும் திருத்தாம போட்டுடு.