மாயலோகம் சமைப்போர் இயல்

பகலில் சம்பளத்துக்கு ஒரு வேலை. இரவில் வீட்டார் உறங்கியபின் மடிக்கணினியில் ஒரு டிராகன். இவ்விரண்டையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்வோரே இவ்வியலுக்கு உரியர். கேம் நிறுவனத்தில் கூலிக்குச் செய்வோரும், கல்லூரி மதிப்பெண்ணுக்குச் செய்வோரும், 'மனசுக்குள்ள ஒரு கதை இருக்கு மச்சான், செஞ்சா வேற லெவல்ல இருக்கும்' என்று டீக்கடையில் மட்டும் செய்வோரும் விலக்கப்பட்டனர். மூன்றாமவர் தொகையில் மிகுதி. அவர்க்குத் தனி நூல் வேண்டும்.

இவர்களை எதைக் கொண்டு வகுப்பது? கேமின் இனத்தைக் கொண்டு வகுப்பர் சிலர்: ஆர்பிஜி, பிளாட்ஃபார்மர், வியூக ஆட்டம் என. அது பொருந்தாது. என்னை? இனம் முடிந்த கேமுக்கு அன்றோ உண்டு! எந்த மொழியில் கோட் எழுதுகிறார் என்பதைக் கொண்டு வகுக்கப் புகுந்தாரும் உளர். அவர்கள் இன்னும் தமக்குள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே முதல் நாள் இரவு ஒருவர் எதைத் தொட்டார் என்பதையே இங்கே அடிப்படையாகக் கொண்டோம். அன்று தொட்டதை அவர் லேசில் விடுவதில்லை.

முதலாமவர் வரைபடத்தார். இவர் தொடுவது கணினியை அன்று, ஒரு நோட்டுப் புத்தகத்தை. வடக்கே பனிமலை, தெற்கே சாம்பல் பாலை, நடுவே சபிக்கப்பட்ட காடு, காட்டுக்குள் யாரும் திரும்பி வராத ஏரி. ஏரிக்குப் பழைய பெயர் ஒன்று, எல்ஃபுகள் வழங்கும் பெயர் ஒன்று. அரச வம்சங்களுக்கு ஏழு தலைமுறை வம்சாவளி உண்டு; கதாநாயகனுக்கு மட்டும் நடப்பதற்குக் கால் இன்னும் இல்லை. 'நாடு இல்லாமல் நாயகன் எங்கே நடப்பான்?' என்பது இவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

வரைபடத்தாருள் கையால் வரைவோர், கணக்கிடம் விடுவோர் என இரு திறத்தார். பின்னவர் கென் பெர்லினுக்குக் கடன்பட்டவர். 'ட்ரான்' படத்துக்கு உழைத்த பெர்லின், கணினிப் படங்கள் இயந்திரத்தனமாக வழவழத்துக் கிடப்பது பிடிக்காமல், இயற்கையின் ஒழுங்கின்மையைப் போலத் தோன்றும் எண்களைத் தரும் முறையொன்றைக் கண்டார். 1985இல் அதை ஆய்வுரையாக வெளியிட்டார். 1997இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் வந்தது. அந்த எண்களை உயரமாகக் கொண்டால் மலையும் பள்ளத்தாக்கும் தாமே எழும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு கண்டம். வரைபடத்தார் அழுத்துவார், வளைகுடா சரியில்லை என்பார், மறுபடி அழுத்துவார். விடிந்துவிடும்.

தமக்கு முன்னோர் என்று இவர் காட்டுவது வில் கிரௌதரை. 1970களின் நடுவில் அவர் எழுதிய 'அட்வென்சர்' என்ற ஆட்டம் வெறும் எழுத்தால் ஆனது. அதன் குகைப்பாதை மேப்பிலிருந்தே பிறந்தது என்பது உண்மை. ஆயின் அது கென்டக்கியில் உள்ள மாமத் குகையின் பாதை. கிரௌதர் குகைக்குள் புகுந்து அளந்து வரைபடம் செய்தவர். இருக்கும் குகைக்கு ஒரு கட்டத்தில் சுவர் வந்துவிடும், மனக்குகைக்கு வராது. ஆதலின் இம்மேற்கோள் செல்லாது.

இரண்டாமவர் என்ஜினார். இவருக்கு டிராகன் ஒரு சாக்கு. யூனிட்டி, கோடோ என்னும் ஆயத்த கேம் என்ஜின்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, 'என் டிராகனுக்கு அதெல்லாம் ஒத்து வராது' என்று புவியீர்ப்பு விசையிலிருந்து தாமே எழுதத் தொடங்குவார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நாயகன் இத்தனை புள்ளி நகர வேண்டும் என எழுதினால், வேகமான கணினியில் அவன் பேய் பிடித்தவன்போல் ஓடுவான். எனவே முந்தைய ஃபிரேமிலிருந்து கழிந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்க வேண்டும். எந்தத் தொடக்கப் பாடத்திலும் இருக்கும் இந்தச் செய்தியை என்ஜினார் ஒரு மழைக்காலம் முழுவதும் தேடித் தாமே கண்டடைந்து, அளவற்ற இன்பம் எய்துவார். அந்த இன்பத்தை நாம் பழிக்கவில்லை. டிராகன்தான் காத்திருக்கிறது.

இவரின் கிளை, என்ஜின் மாற்றுவார். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், கேம் நிறுவப்படும் தோறும் கட்டணம் என்று அறிவித்தபோது இக்கிளையினர் கொதித்தெழுந்தனர். இலவசத் திட்டத்தில் இருப்போர் ஆண்டுக்கு 2,00,000 டாலர் வருமானமும் 2,00,000 நிறுவல்களும் கடந்த பின்பே கட்ட வேண்டிய கட்டணம் அது. கேமைத் தம் தம்பியின் கணினியில்கூட நிறுவிப் பார்த்திராதவரும் மூட்டை கட்டிக்கொண்டு கோடோவுக்குக் குடிபெயர்ந்தனர். மறு ஆண்டு அக்கட்டணம் கைவிடப்பட்டது. பெயர்ந்தவர் திரும்பவில்லை, அங்கே போய் முதலிலிருந்து தொடங்கும் நல்வாய்ப்பை யார் விடுவர்? அர்ஜென்டினாவில் பிறந்து 2014இல் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்ட கோடோவின் பெயர், பெக்கெட் எழுதிய நாடகத்தில் கடைசிவரை காத்திருந்தும் வராத பாத்திரத்தினுடையது. இதனினும் நேர்மையான பெயர் இத்துறையில் இல்லை.

தமிழில் வசனம் எழுதுவோரையும் இங்கேயே சொல்லிவிடலாம். கோடோ 3 வரையிலும் அந்த என்ஜினுக்கு எழுத்துகளை இடம் மாற்றிக் கோக்கத் தெரியாது. 'தெய்வம்' என எழுதினால் கொம்பு தகரத்துக்கு முன் நில்லாமல் பின்னே போய் யகரத்தின் வாசலில் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இக்குறையைத் தீர்த்தது. அதுவரை தமிழ்ப் பூதங்கள் தங்கிலீஷில் மிரட்டின. சில, பழக்கதோஷத்தால் இன்னும் மிரட்டுகின்றன.

மூன்றாமவர் சித்திரத்தார். பதினாறுக்குப் பதினாறு புள்ளிக் கட்டத்துக்குள் மீசை வரைவார். நான்கு திசைக்கும் நடை வரைந்து முடித்தபின் வாளைக் கோடரியாக்கத் தோன்றும். மீண்டும் நான்கு திசை. வரைய மாட்டாதவர் இலவசச் சித்திரங்களைச் சேகரிப்பார். வீடு ஒரு தொகுப்பு, நாயகன் வேறு தொகுப்பு. நாயகன் வீட்டைவிட உயரம்.

நான்காமவர் சதுரத்தார். முதல் இரவே திரையில் ஒரு சிவப்புச் சதுரம். அம்புக்குறியை அழுத்தினால் நகரும். பச்சைச் சதுரத்தைத் தொட்டால் செத்துப்போகும். பார்க்கச் சகிக்காது. கேமை முடிப்போர் பெரும்பாலும் இவ்வகையினரே. 1980இல் வந்த 'ரோக்' ஆட்டத்தில் நாயகன் '@' என்னும் ஒரு குறி; டிராகனோ ஆங்கில 'டி' எழுத்து. அந்த எழுத்துக்கு அஞ்சி ஓடியோர் பல்கலைக்கழகந்தோறும் இருந்தனர். சதுரத்தார் தமக்குத் தாமே வேலி போட்டுக்கொள்வதில் வல்லவர். 2002 முதல் நடக்கும் லுடும் டேர் என்னும் கேம் செய்யும் போட்டியில் 48 மணி நேரமே கெடு. பிகோ-8 என்னும் கற்பனைக் கருவியில் திரை 128க்கு 128 புள்ளி, நிறம் பதினாறு. வரைபடத்தாரை இதற்குள் அடைத்தால் மூச்சு முட்டும்.

இனி வழு. இலக்கணத்தில் போலவே இங்கும் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று. வழாநிலை எந்தக் கேமிலும் இதுவரை காணப்படவில்லை. வழுவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் சகோதரர் 2002இல் தொடங்கிய 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. 2015இல் அதில் மதுக்கடைகள் சேர்க்கப்பட்டபின் பூனைகள் காரணமின்றிச் செத்து விழுந்தன. ஆராய்ந்தபோது தெரிந்தது: குள்ளர்கள் மதுவைத் தரையில் சிந்தினர், பூனைகள் அதில் நடந்தன, பூனை இயல்பின்படி காலை நக்கின, ஒருமுறை நக்கினால் ஒரு குவளை முழுதும் குடித்ததாகக் கணக்கு ஏறியது. ஒவ்வொரு விதியும் தனித்தனியே சரி. பூனையின் எடையும் மதுவின் கணக்கும் இருந்த உலகத்தில் அளவு மட்டும் பிசகியது. நம்மவர் கேமில் வழு இத்தனை அழகாக வாய்ப்பதில்லை. நாயகன் கதவுக்குள் சிக்கிக்கொள்வான், அவ்வளவே. அதைத் திருத்த இயலாதபோது 'சாபக்கதவு' என்று பெயரிட்டுக் கதையில் சேர்ப்பதே வழுவமைதி.

நால்வகையாரும் ஒருங்கே மேற்கோள் காட்டும் கேம்கள் இரண்டு. ஜப்பானியரான தைசுகே அமயா ஓய்வுநேரத்தில் ஐந்தாண்டு உழைத்து 2004இல் இலவசமாக வெளியிட்ட 'கேவ் ஸ்டோரி' ஒன்று. எரிக் பரோன் தனியொருவராய் நாலரை ஆண்டு உழைத்து 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' மற்றொன்று. பரோன் தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தார், காதலியும் சம்பாதித்தார். மேற்கோள் வீட்டில் காட்டப்படும்போது காதலியின் சம்பாத்தியத்தை விட்டுவிடுவதே மரபு.

புறனடை: கேமை முடித்து வெளியிட்டவர் எவ்வகையினும் அடங்கார். அவர் அதைச் சித்தி மகனிடம் கொடுப்பார். அவன் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "நல்லாருக்குண்ணா. இதுல மல்டிபிளேயர் இல்லையா?" என்பான். அதற்கு விடை எழுதப் புகுந்தவர் மறுநாள் இரவே என்ஜினாருள் வைத்து எண்ணப்படுவர்.