தறி ஓட்டுகிறவருக்கு 4, நின்று பார்க்கிறவருக்கு 2

அனுப்புநர்:
ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கும் ஒருவன்

பெறுநர்:
கனடா குடிவரவு, அகதிகள், குடியுரிமைத் துறை, ஒட்டாவா

பொருள்: தொழில் குறியீடு தேர்வு செய்தல் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் தேசியத் தொழில் வகைப்பாடு, 2021 பதிப்பு.

ஐயா / அம்மா,

ஒரு நாட்டில் மனிதர் பார்க்கும் வேலைகளை எல்லாம் 516 பிரிவில் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்கத்தில் எண் கொடுத்து முடித்துவிட்டீர்கள். சாதிகளை எண்ணி முடிக்கவே எங்களால் இன்னும் ஆகவில்லை. ஆகவே முதலில் ஒரு பெரிய கும்பிடு.

அந்த ஐந்தில் இரண்டாவது இலக்கம்தான் தலையெழுத்து என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டோம். அது 0, 1, 2, 3 என்றால் திறனாளி. உங்கள் நாட்டில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் வரிசையில் நிற்கலாம். 4, 5 என்றால் ஊரைப் பார்த்துப் போகவேண்டியதுதான். இதில் எங்களுக்குச் சில ஐயங்கள்.

ராஜபாளையம் மில் ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே பஞ்சு நூலாகிக்கொண்டிருக்கிறது. நூல் நூற்கும் ரிங் பிரேமில் சைடு பார்க்கிற அக்கா, இழை அறுந்தால் கண் இமைப்பதற்குள் பிடித்து ஒட்டிவிடுவார். அவருக்கு நீங்கள் கொடுத்த எண் 94130. பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற விசைத்தறிக்காரருக்கு 94131. இருவருக்கும் இரண்டாவது இலக்கம் 4. அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “என்னம்மா, அங்கே அறுந்து தொங்குது பாரு” என்று சொல்கிற மேஸ்திரிக்கு 92015, அவருக்கு 2. அதாவது இழையை ஒட்டுவதற்குத் திறன் வேண்டாம், அறுந்ததைச் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். மேஸ்திரிகள் வெகுகாலமாகச் சொல்லிவந்ததும் இதுதான். ஒரு வெளிநாட்டு அரசாங்கமே முத்திரை குத்தித் தரும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நெசவாளருக்கு ஒரு சந்து மட்டும் விட்டிருக்கிறீர்கள். அதே நெசவைக் கைவினை என்று செய்தால் 53124. இரண்டாவது இலக்கம் 3. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறிச் சேலைக்காரர் அதில் நுழைந்துவிடலாம். காயத்துக்குக் கட்டும் துணி கலையாகாது, கட்டிக்கொள்ளும் துணிதான் கலை என்பது உங்கள் தீர்ப்பு. இருக்கட்டும்.

அடுத்தது தளவாய்புரம். ஊரே நைட்டி தைக்கும் ஊர். 2022 நவம்பர் 15 இரவு தையல்காரர் உங்கள் கணக்கில் திறனாளியாகத்தான் படுத்தார். புதிய வகைப்பாடு 16-ஆம் தேதி அமலுக்கு வந்தது. காலையில் எழுந்தபோது அவர் 64200, திறனாளி அல்ல. இரவோடு இரவாகக் கையில் இருந்த திறன் எங்கே போனது என்று தெரியவில்லை. அன்றைக்கும் நைட்டிகள் என்னவோ ஒழுங்காகத்தான் தைக்கப்பட்டன. அதே நாளில் லாரி டிரைவரும் பூச்சிமருந்து அடிப்பவரும் திறனாளிகளாக எழுந்தார்கள். அண்ணாச்சிகளுக்கு எங்கள் வாழ்த்து. அதில் பொறாமை இல்லை. ஆனால் மருந்து அடிக்கிறவர் ஒரு நாள் அந்தப் பட்டியலில் இருந்து விழும்போது முன்கூட்டியே ஒரு தந்தி அடித்தால் நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா விஷயம்தான் பெரிய சிக்கல். 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு வாங்குவது உங்கள் குறியீட்டைவிட எளிது போலிருக்கிறது. விறகடுப்பு முன்னால் நின்று, பாலும் சீனியும் அடிபிடிக்காமல் கிண்டி, எந்தக் கணத்தில் இறக்க வேண்டும் என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுகிறவருக்கு எந்த எண் போட? தலைமைச் சமையல்காரர் என்றால் 62200. வெறும் சமையல்காரர் என்றால் 63200. உணவுத் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவர் என்றால் 94140. அதே ஆலையில் கூலியாள் என்றால் 95106. ஒரே ஆள், ஒரே வாணலி. இரண்டாவது இலக்கம் 2, 3, 4, 5 என்று இறங்கிக்கொண்டே போகிறது. பதவிப் பெயரைப் பார்க்கமாட்டோம், செய்த பணிகளைத்தான் பார்ப்போம் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பணிகள் உங்கள் கண்ணுக்கு வருவது முதலாளி லெட்டர்பேடில் எழுதித் தருகிற சான்றிதழ் வழியாக. நீங்கள் வெளியிட்ட விவரத்தை அப்படியே இறக்கினால் “காப்பி அடித்தது” என்று சந்தேகம். சொந்தமாக எழுதினால் “முக்கியப் பணிகள் பொருந்தவில்லை”. கொஞ்சம் கூட்டி எழுதினால் பொய்த்தகவல். ஐந்து ஆண்டுத் தடை. ஆகக் கடைசியில் உங்களிடம் எடைபோடப்படுவது பால்கோவாக்காரரின் கை அல்ல, கடிதம் எழுதுகிறவனின் கை. எனக்குத் தொழில் நடக்கிறது. அதனால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பெரியாழ்வாரையும் ஒருமுறை பொருத்திப் பார்த்தேன். நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டியவர். பூ அலங்காரம் செய்கிறவருக்கு உங்கள் 53124-இல் இடம் உண்டு என்பதால் மகிழ்ந்தேன். பிறகுதான் கவனித்தேன்: சம்பளம் வாங்காத வேலை கணக்கில் வராது. சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டிய பெருமாள் வடபத்ரசாயியோ படுத்த நிலையில் இருக்கிறார். ஆழ்வார் திட்டத்துக்குத் தகுதியற்றவர். ஆண்டாளுக்கு இன்றைக்கும் இலையாலும் பூவாலும் கிளி செய்து தருகிறார்களே, அவர்கள் முயலலாம்.

ராஜபாளையம் நாயை இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால்தலையில் ஏற்றியது. அதைப் பழக்குகிறவரை நீங்கள் 65220-இல், நாய்க்கு முடி வெட்டுகிறவர்களோடு இறக்கியிருக்கிறீர்கள். நாய் மட்டும் வேறு வழியில் வரலாமா?

கடைசியாக மணிக்கணக்கு. ஓராண்டு அனுபவம் என்பதற்கு 1,560 மணி நேரம், வாரத்துக்கு 30 என்று வைத்திருக்கிறீர்கள். முப்பதுக்கு மேல் உழைத்தால் எண்ணமாட்டோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மில்லில் எட்டு மணி ஷிப்ட், வாரம் ஆறு நாள். 48 மணி நேரம். மேஸ்திரியே ஆனாலும் 30 போக வாரம் 18 மிச்சம். ஓராண்டில் 936 மணி நேரம் யார் கணக்கிலும் சேராமல் கிடக்கிறது. அதை வேறு யாருடைய விண்ணப்பத்திலாவது வரவு வைக்க முடியுமா? ரிங் பிரேம் அக்காவின் மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு 21232-இல் நிற்கிறான். அவனுக்கு அனுபவம் நான்கு மாதம் குறைகிறது. முடியும் என்றால் அதற்கு எந்தப் படிவம், கட்டணம் எவ்வளவு என்பதை மறுதபாலில் தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனு எழுதுபவன்